அங்கிள் டூபெலோவின் ‘89/93: அன் ஆந்தாலஜி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆல்பம், சுருக்கமாகச் சொல்லுங்கள்?

அங்கிள் டூபெலோ என்ற அமெரிக்கக் குழுவின் தேர்ந்தெடுத்த 21 பாடல்கள் ஒரே சிடியில். 2002 மார்ச்சில் கொலம்பியாவின் லெகசி பிரிவு வெளியிட்டது. பெயரில் இருக்கும் 89, 93 இரண்டும் வருடங்கள்: 1989-இல் பதிவான டெமோ (ஆல்பத்துக்கு முந்தைய வெள்ளோட்டப் பதிவு) தொடங்கி 1993-இல் வந்த கடைசி ஆல்பம் வரை. குழு 1987-இல் உருவாகி 1994 மே மாதம் கலைந்துவிட்டது, அதனால் இந்தத் தொகுப்பு வெளியானபோது குழு இல்லாமல் போய் ஏறக்குறைய எட்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரு ஹிட்டும் இல்லாத குழுவுக்கு எதற்கு ‘பெஸ்ட் ஆஃப்’?

நியாயமான கேள்விதான். இவர்களுக்கு ரேடியோவில் ஓடிய பாட்டு என்று ஒன்றும் கிடையாது. தரவரிசையை வைத்துப் பாட்டு பொறுக்கினால் ஒரு பாட்டுகூடத் தேறாது. இந்தத் தொகுப்பு வந்ததற்குக் காரணம் வேறு, அது கொஞ்சம் வழக்கு சம்பந்தப்பட்டது.

முதல் மூன்று ஆல்பங்களையும் ராக்வில் என்ற சின்ன நிறுவனம்தான் வெளியிட்டது. ஆல்பங்கள் விற்றன, ஆனால் ராயல்டி வரவில்லை என்பது குழுவின் புகார். 2000 வாக்கில் அந்த மூன்று ஆல்பங்களும் கடையில் கிடைக்காமலே போய்விட்டன. ஆல்ட்-கன்ட்ரி என்ற இசை வகைக்கே முன்னோடி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அந்த ஆல்பம் வேண்டும் என்றால் பழைய சிடி கடையில் தேட வேண்டும், இதுதான் நிலைமை. அதே வருடம் குழுவைத் தொடங்கிய ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடார்ன் மூன்று பேரும் சேர்ந்து நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். முதல் இரண்டு பேரும் அப்போது ஒரே மேடையில் ஏறாதவர்கள் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். வழக்கு இவர்களுக்குச் சாதகமாக முடிந்தது, மூன்று ஆல்பங்களின் உரிமையும் கூட்டாகக் கைக்கு வந்தது. உரிமை வந்ததும் செய்த முதல் வேலை இந்தத் தொகுப்பு. ஆக, ஹிட் பாட்டுகளைக் காசாக்க வந்த தொகுப்பு இல்லை இது, காணாமல் போன பாட்டுகளைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவர வந்தது.

ஆல்ட்-கன்ட்ரி என்றால் என்ன? தொப்பி, குதிரை எல்லாம் வருமா?

வராது. அமெரிக்க கிராமத்து இசையான கன்ட்ரியையும் சத்தமான பங்க் ராக்கையும் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்வீடி, ஃபரார், ஹைடார்ன் மூவரும் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊர்க்காரர்கள், மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெல்வில், அந்தப் பக்கம் செயின்ட் லூயிஸ். பண்ணை இல்லை, தொழிற்சாலைப் பகுதி. பள்ளிக்கூட வயதில் பங்க் கேட்டு வளர்ந்தவர்கள், மினிட்மென், பிளாக் ஃபிளாக் மாதிரி. அப்புறம் வீட்டில் பெரியவர்கள் கேட்ட பழைய கன்ட்ரி, நாட்டுப்புறப் பாட்டு பக்கம் திரும்பினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது: இரண்டிலும் கிட்டாரில் மூன்றே கார்டு (chord), இரண்டிலும் காசில்லாதவன் கதை.

இதை முதலில் செய்தது இவர்கள் என்று சொன்னால் அது தப்பு. அறுபதுகளின் கடைசியிலேயே கிராம் பார்சன்ஸ் ராக்கையும் கன்ட்ரியையும் சேர்த்துவிட்டார், எண்பதுகளில் வேறு சிலரும் செய்தார்கள். ஆனால் 1990-இல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பம் ‘நோ டிப்ரெஷன்’ ஒரு அடையாளப் பலகை மாதிரி ஆகிவிட்டது. 1995-இல் இந்த வகை இசைக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் ‘நோ டிப்ரெஷன்’தான்.

முதல் பாட்டு ‘நோ டிப்ரெஷன்’ இவர்கள் எழுதியதா?

இல்லை. கார்ட்டர் ஃபேமிலி என்ற பழைய கன்ட்ரி குழு 1936-இல் பதிவு செய்த பக்திப் பாட்டு. முப்பதுகளின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் கஞ்சிக்கு அலைந்தவர்களுக்காகப் பாடியது, மேலே போனால் அங்கே இந்தத் துன்பம் கிடையாது என்கிற மாதிரி. இருபது வயதைத் தாண்டி இரண்டு மூன்று வருடமே ஆன ஃபரார் அதை எந்தக் கிண்டலும் இல்லாமல் நேராகப் பாடுகிறார். அவருடைய குரலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அது பிறக்கும்போதே ஐம்பது வயதோடு பிறந்த குரல். பழைய பாட்டைப் பாடினால் பொய்யாகத் தெரியாது.

யார் எந்தப் பாட்டு பாடுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பாட்டு கேட்டாலே பிடிபட்டுவிடும். கனத்த, கீழே இறங்கிய குரல் ஃபராருடையது. கொஞ்சம் கரகரத்து, சுருதியின் ஓரத்தில் நடக்கும் குரல் ட்வீடியுடையது. எழுத்திலும் அதே வித்தியாசம். ஃபரார் ஊரையும் வேலையையும் குடியையும் பற்றி ஒரு தூரத்திலிருந்து பேசுவார், ட்வீடி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆளைப் பற்றிச் சொல்வார்.

இந்தத் தொகுப்பை மொத்தமாக ஒரே மூச்சில் கேட்கச் சொல்வதற்குக் காரணமே இதுதான். பாடல்கள் கிட்டத்தட்ட கால வரிசையில் இருக்கின்றன. முதல் ஆறு பாட்டில் ட்வீடி ஒன்றே ஒன்றுதான் பாடுகிறார், ‘ஸ்க்ரீன் டோர்’. மற்றது எல்லாம் ஃபரார். நடுவில் ஒருவர் மாற்றி ஒருவர் என்று வரும். கடைசி நான்கு பாட்டுக்கு வந்தால் மூன்று ட்வீடியுடையது, ஃபராருக்கு ஒன்று. பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பையன் எப்படி மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தான் என்பது பாட்டு வரிசையிலேயே தெரிகிறது. தனித்தனி ஆல்பமாகக் கேட்கும்போது இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது. என்னைக் கேட்டால் இந்தத் தொகுப்பின் முழு லாபமும் அதில்தான் இருக்கிறது.

எந்த ஆல்பத்திலிருந்து எத்தனை பாட்டு?

கிட்டத்தட்ட சமமாகப் பிரித்திருக்கிறார்கள், வேறு வடிவங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இப்படி வரும். முதல் ஆல்பம் ‘நோ டிப்ரெஷன்’ சார்பில் ஐந்து, அடுத்து 1991-இல் வந்த ‘ஸ்டில் ஃபீல் கான்’, 1992-இல் வந்த ‘மார்ச் 16–20, 1992’, 1993-இல் வந்த ‘அனடைன்’ மூன்றிலிருந்தும் நான்கு நான்கு. மீதி நான்கு எந்த ஆல்பத்திலும் சேராமல் வெளியே திரிந்தவை.

அந்த வெளியே திரிந்த நான்கு எவை? அதற்காகவே வாங்கலாமா?

‘ஐ காட் ட்ரங்க்’ 1990-இல் சிங்கிளாக வந்தது. ‘ஐ வான்னா பி யுவர் டாக்’ ஸ்டூஜஸ் குழுவின் பாட்டு, இவர்கள் பதிவு செய்து வைத்திருந்தது இந்தத் தொகுப்பில்தான் முதல்முறை வெளியே வந்தது. கேட்க ஜாலியாக இருக்கும், அவ்வளவுதான்.

மற்ற இரண்டும் கனமானவை. ‘சோஜே விண்ட்’ என்பது சோஜே ஊர்க் காற்று. சோஜே, பெல்வில்லுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர், ஊர் என்று சொல்வதைவிட ஆலைகளின் வரிசை என்று சொல்லலாம். 1926-இல் அந்த ஊரை உருவாக்கியபோது அதற்கு வைத்த பெயரே மான்சான்டோ, ஆமாம், அந்த ரசாயன நிறுவனத்தின் பெயர்தான். 1967-இல்தான் சோஜே என்று மாற்றினார்கள். அந்தப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் என்ன வாடை வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். சொந்த ஊரைப் பற்றி ஃபரார் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இது, இப்படி ஒரு பாட்டை ஆல்பத்தில் போடாமல் சிங்கிளோடு விட்டதுதான் ஆச்சரியம்.

‘எஃபிஜி’ கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு 1969-இல் போட்ட பாட்டு. எய்ட்ஸ் நிவாரண நிதிக்காக 1993-இல் பல குழுக்கள் சேர்ந்து ‘நோ ஆல்டர்நேட்டிவ்’ என்று ஒரு தொகுப்பு போட்டார்கள், அதற்காக இவர்கள் வாசித்தது. இழுத்து இழுத்து, கிட்டார் எரிவது மாதிரியே போகும்.

இவை போக ‘அவுட்டன்’ பாட்டின் 1989 டெமோ, ‘ஸ்டில் பி அரவுண்ட்’ பாட்டை அக்கூஸ்டிக் கிட்டாரோடு மட்டும் பாடிய டெமோ, கடைசியில் ‘வீவ் பீன் ஹேட்’ மேடைப் பதிவு. ‘ஸ்டில் பி அரவுண்ட்’ ஆல்பத்தில் இருப்பதைவிட டெமோவில்தான் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கேட்டதும் பிடிக்கிற மாதிரி ஒரு பாட்டு சொல்லுங்கள், அதில் என்ன கவனிக்க வேண்டும்?

‘விஸ்கி பாட்டில்’. மெதுவாக ஆரம்பிக்கும், பின்னால் பெடல் ஸ்டீல் கிட்டார் அழுதுகொண்டிருக்கும், சரி, வழக்கமான குடிகாரன் பாட்டு என்று நினைத்து சாய்ந்து உட்காருவோம். பல்லவி வந்ததும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் சுவர் இடிந்த மாதிரி உள்ளே விழும். பல்லவி முடிந்ததும் பழையபடி ஸ்டீல் கிட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. பங்கையும் கன்ட்ரியையும் கலந்தார்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள், இந்தப் பாட்டில் கலக்கவே இல்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் கதவை ஓங்கிச் சாத்துகிறார்கள்.

இந்தப் பாட்டு இருக்கும் முதல் ஆல்பம் ‘நோ டிப்ரெஷன்’ பாஸ்டனில் ஃபோர்ட் அப்பாச்சி ஸ்டூடியோவில் 1990 ஜனவரியில் பதிவானது. பத்து நாள், சுமார் 3,500 டாலர் செலவு. டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸ் ‘பக்’ ஆல்பத்தில் வாசித்த அதே கிப்சன் கிட்டாரை இவர்கள் கையில் கொடுத்தார்களாம். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் அது.

நடுவில் திடீரென்று கிட்டார் எல்லாம் அடங்கிவிடுகிறதே, என்ன ஆயிற்று?

‘மார்ச் 16–20, 1992’ ஆல்பத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெயரே பதிவு நடந்த ஐந்து நாள்தான். ஆர்.ஈ.எம். குழுவின் கிட்டாரிஸ்ட் பீட்டர் பக் இவர்களைத் தன் ஊரான ஜார்ஜியாவின் ஏதன்ஸுக்கு வரவழைத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்து, காசு வாங்காமல் தயாரித்துக் கொடுத்தார். நிர்வாணா என்ற ராக் குழு உலகம் முழுக்க வெடித்துக்கொண்டிருந்த நேரம், சியாட்டிலில் சத்தமாக வாசிப்பவன் எல்லாம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தான், அந்த நேரம் பார்த்து இவர்கள் ஆம்ப்ளிஃபையரை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய நாட்டுப்புறப் பாட்டு பாடப் போனார்கள். தைரியமா, வீம்பா, தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இதிலிருந்து வந்திருக்கும் ‘மூன்ஷைனர்’ கள்ளச் சாராயம் காய்ச்சுபவனைப் பற்றிய மரபுப் பாட்டு, யார் எழுதியது என்று தெரியாத அளவுக்குப் பழையது. பாப் டிலன்கூடப் பதிவு செய்திருக்கிறார். ஃபரார் அதைப் பாடும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விடும் இடைவெளியைக் கவனியுங்கள், அவசரமே இல்லை.

ட்வீடியின் ‘பிளாக் ஐ’யும் இதே ஆல்பம்தான், சின்னப் பாட்டு. ஒரு பையனுக்குக் கண் வீங்கிக் கறுத்திருக்கிறது, முதலில் அவனுக்கு அதில் பெருமை, தானும் ஏதோ ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிட்ட மாதிரி. அப்புறம்தான் இது போகாது என்று தெரிகிறது, வீட்டு நடையில் இருக்கும் கண்ணாடியையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. யார் அடித்தார்கள் என்று சொல்லவே மாட்டார். இன்றைக்கு, பின்னால் வந்த வில்கோ குழுவின் ட்வீடியைக் கொண்டாடுபவர்கள் அவருடைய எழுத்து எங்கே திரும்பியது என்று தேடினால், இந்தப் பாட்டில் வந்து நிற்பார்கள் என்பது என் கணிப்பு.

‘நியூ மேட்ரிட்’ பாட்டில் யாரோ ஜோசியம் சொன்னதாக வருகிறதே?

உண்மைச் சம்பவம். நியூ மேட்ரிட், மிசௌரி மாநிலத்தில் மிசிசிப்பிக் கரையில் உள்ள ஊர். 1811–12 குளிர்காலத்தில் அங்கே வந்த நிலநடுக்கங்கள் அமெரிக்க வரலாற்றிலேயே பெரியவற்றில் சேர்த்தி. அந்தப் பிளவு இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஐபன் பிரௌனிங் என்பவர் 1990 டிசம்பர் 3-ஐ ஒட்டி அங்கே பெரிய நிலநடுக்கம் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துச் சொன்னார், நிலநடுக்க ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, ஆனாலும் பள்ளிகளை மூடினார்கள், டிவி வண்டிகள் எல்லாம் ஊருக்குள் வந்து வரிசையாக நின்றன. ஒன்றும் வரவில்லை.

ட்வீடி பிரௌனிங் பெயரைப் பாட்டிலேயே வைத்து, பான்ஜோவோடு, ஒரு காதல் ஏக்கப் பாட்டாக மாற்றிவிட்டார். பூமி நடுங்கினால் நல்லது என்று காத்திருக்கும் ஆளின் பாட்டு மாதிரி இருக்கும். உற்சாகமான மெட்டு, சோகமான ஆள், அவருடைய வழக்கமான வேலை.

ஏன் பிரிந்தார்கள்?

ஒரு உறையில் இரண்டு கத்தி. இதற்கு மேல் சொல்லப் போனால் ஆளுக்கொரு கதை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: டிரம்மர் ஹைடார்ன் 1992-இல் குடும்பத்தோடு இருக்க விலகினார். சயர் நிறுவனத்தோடு பெரிய ஒப்பந்தம் வந்தது, கென் கூமர், ஜான் ஸ்டிராட், மேக்ஸ் ஜான்ஸ்டன் சேர்ந்தார்கள், ஐந்து பேராக டெக்சாஸ் ஆஸ்டினில் ‘அனடைன்’ பதிவு செய்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்து, மேலே ஒட்டு வேலை இல்லாமல். 1994 ஜனவரியில் ஃபரார் மேனேஜரைக் கூப்பிட்டு, போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் மேனேஜர் பட்ட கடனை அடைக்க வேண்டும் என்று கடைசியாக ஒரு சுற்றுப்பயணம் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் கோனன் ஓ’பிரையன் நிகழ்ச்சியில் முதல்முறை தேசிய டிவியில் வாசித்தார்கள். நிறுவனம் கேட்டது ‘தி லாங் கட்’, ட்வீடியின் பாட்டு. பிரிந்து போகப் போகும் ஃபரார் பக்கத்தில் நின்று அதற்குக் கிட்டார் வாசிக்க வேண்டிய நிலை. தொகுப்பில் அந்தப் பாட்டுக்கு அடுத்தே ஃபராரின் ‘சிக்கமாகா’ வருகிறது. உள்நாட்டுப் போரில் 1863-இல் நடந்த ஒரு சண்டையின் பெயர் அது. கடைசியில் வரும் கிட்டார் சோலோவைக் கேட்டால் அந்த அறையில் காற்று எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

1994 மே 1, செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி நைட்ஸ் என்ற கிளப்பில் கடைசி நிகழ்ச்சி. ஃபராரும் ட்வீடியும் ஆளுக்கு ஒன்பது பாட்டு, பங்கு பிரித்த மாதிரி. முடிவில் ஹைடார்ன் வந்து டிரம்ஸ் வாசித்தார்.

அப்புறம்?

ஃபரார், ஹைடார்னோடு சேர்ந்து சன் வோல்ட் தொடங்கினார். மற்ற நான்கு பேரும் வில்கோ ஆனார்கள். இரண்டு குழுக்களின் முதல் ஆல்பமும் 1995-இல் வந்தது, அப்போது கேட்டவர்கள் பலரும் ஃபரார்தான் ஜெயித்தார் என்றார்கள். இந்தத் தொகுப்பு வெளியான அடுத்த மாதம், 2002 ஏப்ரலில், வில்கோவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ வந்தது. ஒரு நிறுவனம் வேண்டாம் என்று தள்ளிய ஆல்பம், வந்ததும் பேச்சு மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது. அதன் நிழலில் இந்தத் தொகுப்புக்குப் புது ஆட்களும் கிடைத்தார்கள், கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு.

இதில் எது இல்லாதது குறை?

‘அக்கஃப்-ரோஸ்’ இல்லை. நாஷ்வில்லின் பழைய பாடல் பதிப்பு நிறுவனத்துக்கு ட்வீடி எழுதிய நன்றிக் கடிதம் மாதிரியான பாட்டு, அதை எப்படி விட்டார்கள் என்று புரியவில்லை. ‘அனடைன்’ ஆல்பத்தின் பெயர்ப் பாட்டும் இல்லை. டெக்சாஸ் பாடகர் டக் சாம் கூடச் சேர்ந்து பாடிய ‘கிவ் பேக் த கீ டு மை ஹார்ட்’ இல்லை. மினிட்மென் பாடகர் டி. பூன் பெயரில் ஃபரார் எழுதிய பாட்டு இருந்திருந்தால் இவர்களுடைய பங்க் வேர் எங்கே இருக்கிறது என்று ஒரே பாட்டில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் ஸ்டூஜஸ் பாட்டு. வெளிவராத பாட்டு ஒன்று இருந்தால் பழைய ரசிகனும் வாங்குவான் என்ற வியாபாரக் கணக்கு, வேறென்ன.

‘மார்ச்’ ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டை மட்டும் பிய்த்து எடுத்ததும் எனக்கு ஒப்பவில்லை. அது முழுதாகக் கேட்க வேண்டியது.

2003-இல் எல்லா ஆல்பமும் மறுபடி வந்துவிட்டதே, இது இனி எதற்கு?

முதல் மூன்றையும் லெகசியும், ‘அனடைன்’ ஆல்பத்தை ரைனோவும் 2003-இல் கூடுதல் பாடல்களோடு மறுபடி வெளியிட்டார்கள். ‘நோ டிப்ரெஷன்’ 2014-இல் பழைய டெமோக்களோடு இரண்டு சிடியாகவும் வந்தது. ‘சோஜே விண்ட்’, ‘ஐ காட் ட்ரங்க்’ எல்லாம் அப்படி ஆல்பங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அதனால் நான்கு ஆல்பமும் கையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு ‘எஃபிஜி’ மாதிரி சில பதிவுகளுக்காக மட்டும் தேவைப்படலாம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் இன்றும் இதையேதான் சொல்வேன். நேராக ‘நோ டிப்ரெஷன்’ முழு ஆல்பத்தில் ஆரம்பித்தால் ஃபராரின் குரலும் திடுக் திடுக்கென்று நின்று கிளம்பும் தாளமும் பழகுவதற்குள் சிலர் ஓடிவிடுகிறார்கள், ‘அனடைன்’ ஆல்பத்தில் ஆரம்பித்தால் இவர்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தொடங்கினார்கள் என்று தெரியாமலே போகும்.

எந்த வரிசையில் கேட்பது?

தொகுப்பை ஒருமுறை ஷஃபிள் போடாமல், இருக்கிற வரிசையில். ஷஃபிள் போட்டால் மேலே சொன்ன இரண்டு குரல் கதை முழுவதும் போச்சு. அப்புறம் ‘மார்ச் 16–20, 1992’ முழுவதும், அதுவும் ராத்திரியில். அது பிடித்தால் ‘அனடைன்’. அதுவும் பிடித்தால் எந்தக் கத்தி உங்கள் கத்தி என்று தெரிந்திருக்கும், ஃபரார் என்றால் சன் வோல்ட்டின் ‘ட்ரேஸ்’, ட்வீடி என்றால் வில்கோவின் ‘பீயிங் தேர்’.

மறுபடி சேர்வார்களா?

இதுவரை சேரவில்லை. வழக்குக்காகச் சேர்ந்தார்கள், அதற்கு மேல் இல்லை.